லத்தீன் சொல்லின் வழித்தடம் தேட ஆங்கில விக்சனரி: எவ்வளவு நம்பலாம்?

ஒரு லத்தீன் சொல் எந்தெந்த மொழிகளுக்குப் போனது, போன இடத்தில் என்ன ஆனது என்று பார்க்க இலவசமாகக் கிடைப்பவற்றில் ஆங்கில விக்சனரிக்கே முதலிடம். 2002 டிசம்பரில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய அகராதித் தளம். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் எல்லா மொழிச் சொற்களுக்கும் அதில் பக்கம் உண்டு. லத்தீன் சொல்லின் பக்கத்தில் கீழே போனால் 'வழிவந்த சொற்கள்' என்றொரு பகுதி இருக்கும். தாய்ச்சொல்லிலிருந்து மரம்போலக் கிளை கிளையாகப் பிரியும் பட்டியல் அது. இந்த மதிப்பீடு அந்தப் பகுதியைப் பற்றியதுதான். தேடலைத் தொடங்க இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் அங்கே இருப்பதை அப்படியே எடுத்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழ் விக்சனரி தனித் தளம். பொருளும் கலைச்சொற்களும் அதில் ஏராளம், சொற்பிறப்பு குறைவு. ஆகவே அது இந்த வேலைக்கு உதவாது.

எந்தச் சொற்பிறப்புத் தளமானாலும் அலமாரி, சாவி, மேசை, பீரோ என்ற நான்கையும் கொடுத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிக்கல் கொடுக்கும்.

முதலில் தேடும் முறை. லத்தீன் நெடில்களின் மேல் போடும் கோடு பக்கத்தின் உள்ளே தெரியும், பக்கத் தலைப்பில் இருக்காது. அகராதிகளிலிருந்து கோட்டோடு நகலெடுத்துத் தேடுவதைவிட வெறும் எழுத்தில் தட்டச்சு செய்வது நல்லது. பெயர்ச்சொல் எழுவாய் வடிவத்தில் இருக்கும். வினைச்சொல் தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தில் இருக்கும். 'நேசிக்க' என்பதற்கு 'அமாரே' என்று தேடினால் "இது அமோ என்பதன் ஒரு வடிவம்" என்று ஒரு வரிதான் கிடைக்கும், மரம் 'அமோ' பக்கத்தில் இருக்கும். புதிதாக வருபவர்களில் பலர் இங்கேயே "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள்.

எழுவாய் வடிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தாலியன், ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் லத்தீனின் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தவை. பாலத்துக்கு லத்தீனில் 'போன்ஸ்'. இத்தாலிய 'போன்தே', ஸ்பானிய 'புவென்தே' இரண்டிலும் அந்த 'த' எங்கிருந்து வந்தது என்று எழுவாயைப் பார்த்தால் விளங்காது. 'போன்தெம்' என்ற வடிவத்தைப் பார்த்தால்தான் விளங்கும். பக்கத்தில் வேற்றுமை அட்டவணை இருக்கும். அதைத் திறந்து இரண்டாம் வேற்றுமை ஒருமையைக் குறித்துக்கொண்டு, பிறகு மரத்துக்கு வாருங்கள்.

மரத்தில் உள்ள குறிகள்தான் உண்மையான சரக்கு. குறி எதுவும் இல்லாமல் நிற்கும் சொல், தாய்மொழி பேச்சில் மாறி மாறி மரபாக வந்தது. முன்னால் ஒற்றை அம்பு இருந்தால் கடனாக எடுத்த சொல். இரட்டைக் கோட்டு அம்பு என்றால் வழியில் விகுதி சேர்ந்தோ வேறு சொல்லின் சாயலிலோ உருமாறியது. கேள்விக்குறி என்றால் ஐயம். உடுக்குறி (*) போட்ட சொல் எந்த ஏட்டிலும் கிடைக்காதது. பிந்தைய மொழிகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கியது. ஜன்னல் அப்படிப்பட்ட இடத்தில்தான் போய் முட்டும். போர்த்துகீசிய 'ஜனெலா'வுக்கு முன்னால் நிற்பது வாசலைக் குறிக்கும் 'யானுவா'வின் குறுமை வடிவம், 'யானுவெல்லா', அதுவும் உடுக்குறியோடு. சிறுவாசல் என்று பொருள். சன்னலுக்கான பழைய லத்தீன் சொல் 'ஃபெனெஸ்த்ரா'. அது பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ஜெர்மனிலும் சன்னலாகவே இருக்க, போர்த்துகீசியத்தில் 'ஃப்ரெஸ்தா' என்று சுருங்கி வெறும் இடுக்கு, பிளவு என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது.

மரபுவழி, கடன் என்ற வேறுபாட்டைச் சாவியில் நன்றாகப் பார்க்கலாம். லத்தீன் 'கிளாவிஸ்', இரண்டாம் வேற்றுமையில் 'கிளாவெம்'. சொல் முதலில் வரும் 'கிள', 'பிள', 'ஃபிள' மூன்றும் போர்த்துகீசியத்தில் 'ச்ச' ஒலியாகவும், ஸ்பானியத்தில் 'ல்ய' போன்ற ஒலியாகவும் மாறியது ஒழுங்கான விதி. இன்று அவை பெரும்பாலும் 'ஷ', 'ய' என்று ஒலிக்கின்றன. கூப்பிடுவதற்கு லத்தீன் 'கிளாமாரே', போர்த்துகீசியத்தில் 'ஷமார்', ஸ்பானியத்தில் 'யமார்'. அதே கணக்கில் 'கிளாவெம்' போர்த்துகீசியத்தில் 'ஷாவெ', ஸ்பானியத்தில் 'யாவே', இத்தாலியனில் 'கியாவே', பிரெஞ்சில் 'க்ளே'. ஆனால் ஸ்பானியத்தில் 'க்ளாவே' என்றும் ஒரு சொல் இருக்கிறதே? அது பிற்காலத்தில் படித்தவர்கள் ஏட்டு லத்தீனிலிருந்து நேராக எடுத்தது. அதனால் ஒலி தேயவில்லை. பொருளும் மறைகுறி, இசைக்குறி என்று கருத்தளவில் நின்றது. ஒரே மூலத்திலிருந்து ஒரே மொழிக்குள் இரண்டு வாசல் வழியாக வந்த இப்படிப்பட்ட இணைகளை விக்சனரி தனிப் பெயரிட்டுக் காட்டுகிறது, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பும் தருகிறது. இதை இவ்வளவு சீராகச் செய்யும் வேறு இலவசத் தளம் இல்லை. மூடியை உள்ளழுத்தமே இறுக்கிப் பூட்டும் ஆட்டோகிளேவ், விசைப்பலகை வழியாகப் பியானோவுக்குப் பெயரான ஜெர்மன் 'க்ளவியர்' எல்லாம் ஏட்டு வழிக் கிளையில் வருபவை.

இனித் தமிழ்ச் சாவி. இன்றைய போர்த்துகீசியப் பொதுமொழியில் இந்தச் சொல்லின் முதலொலி 'ஷ'. ஆனால் இந்தியில் 'ச்சாபீ', மராத்தியில் 'ச்சாவீ'. இந்தியக் கரையில் கடன் நடந்த காலத்தில் போர்த்துகீசியர் வாயிலும் 'ச்ச'தான் இருந்தது. பிறகுதான் அது அவர்களுடைய பொதுமொழியில் 'ஷ' ஆனது. மூலமொழி தொலைத்த ஒலியைக் கடன் வாங்கிய மொழிகள் காத்து வைத்திருக்கின்றன. இந்தியில் 'வ' இருந்த இடத்தில் 'ப' நிற்கிறது. தமிழில் 'வ' அப்படியே இருக்கிறது. எனவே தமிழ்ச் சொல் இந்தி வழியாக வந்ததாகச் சொல்ல முகாந்திரம் இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் விக்சனரி போட்டுக் காட்டாது. சொற்களை வரிசையாக அடுக்கி வைக்கும்; ஒலியை ஒப்பிட்டு வழியைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

அலமாரிதான் மரத்தின் அழகு முழுவதும் தெரியும் இடம். லத்தீன் 'அர்மாரியும்'. அடிச்சொல் 'அர்மா'. உடனே "பழங்காலத்தில் ஆயுதம் வைத்த பெட்டி" என்று கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள். 'அர்மா' ஆயுதத்தை மட்டும் குறித்த சொல் அல்ல. கருவி, தளவாடம் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'அர்மாரியும்' லத்தீன் ஏடுகளில் வரும் இடங்களைப் பார்த்தால் துணி, பணம், புத்தகம்தான் உள்ளே இருக்கின்றன. ரோமப் பேச்சாளர் சிசரோவின் வழக்குரை ஒன்றில் ஓர் அடிமை பணம் திருட அதன் அடிப்பலகையை அறுத்தெடுக்கிறான். ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடலோர வீட்டில் நூல்களுக்காகச் சுவரில் பதித்த ஒன்றைப் பற்றிக் கடிதத்தில் எழுதுகிறார். இந்த இரண்டையும் விக்சனரியில் தேடிப் பயனில்லை. பொருளை ஓரிரு சொற்களில் முடித்துவிடுவது அதன் வழக்கம். மேற்கோளோடு பார்க்க லூயிஸும் ஷார்ட்டும் தொகுத்த 1879 லத்தீன் அகராதிக்குப் போக வேண்டும். அது பெர்சியஸ், லோகியன் ஆகிய தளங்களில் இலவசம்.

'அர்மாரியும்' என்பதில் இரண்டு 'ர'. அடுத்தடுத்து வரும் ஒரே ஒலியில் ஒன்றை மாற்றிச் சொல்வது வாயின் இயல்பு. இத்தாலியன் இரண்டாவதை மாற்றியது: 'அர்மாதியோ'. இடைக்கால லத்தீன் முதலாவதை மாற்றியது: 'அல்மாரியும்'. மாறாமலே விட்டவையும் உண்டு: ஸ்பானிய 'அர்மாரியோ', கத்தலான் 'அர்மாரி', பிரெஞ்சு 'அர்முவார்', கிரேக்க 'அர்மாரி'. 'ல' போட்ட கிளையில் ஒருபக்கம் ஹங்கேரிய 'அல்மாரியும்', செக் 'அல்மரா', வெல்ஷ் 'அல்மரி'. இன்னொரு பக்கம் பழைய போர்த்துகீசிய 'அல்மாரியோ' வழியாக இந்தி, வங்காளி, சிங்களம், மலாய், தமிழ். இந்தோனேசியாவில் அது 'லெமாரி' ஆகிவிட்டது. 'ல்ம' என்று மெய்கள் அடுத்தடுத்து நிற்பது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை. நடுவில் உயிர் புகுந்து அலமாரி, இலங்கை வழக்கில் அலுமாரி.

செக் சொல்லும் இந்திச் சொல்லும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாராவது சொன்னால், மரத்தைத் திறந்து காட்டினால் போதும். இரண்டும் வேறு வேறு கிளை; 'ல' பிறந்த இடம் மட்டும் பொது. கிளைகளின் உள்தள்ளல் சரியாக இருக்கும் வரை இந்த விஷயத்தில் தளம் அருமையாக வேலை செய்கிறது.

உள்தள்ளல் தவறினால் நிலைமை தலைகீழ். ஒரு சொல் இரண்டு படி உள்ளே இருக்க வேண்டியது ஒரு படி வெளியே வந்துவிட்டால், போர்த்துகீசியத்திலிருந்து வந்தது லத்தீனிலிருந்தே நேராக வந்ததாகத் தெரியும். திருத்தியவர் ஒரு குறியை விட்டிருப்பார், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு பக்கத்தின் கிளைகளை இன்னொரு பக்கம் தானாக இழுத்துக் காட்டும் வசதி. போர்த்துகீசியப் பக்கத்தில் ஒரு தவறு நுழைந்தால், அதைக் கிளையாகக் காட்டும் லத்தீன் பக்கத்திலும் அதே தவறு தெரியும். இரண்டு பக்கங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்பதால் அது உறுதியாகிவிடாது; இரண்டும் ஒரே இடத்திலிருந்து வாசிக்கின்றன.

விடுபடுதலும் உண்டு. லத்தீன் மரத்தில் தமிழ் இல்லை என்றால் தமிழுக்கு அந்தச் சொல் வரவில்லை என்று பொருள் இல்லை. பெரும்பாலும் யாரும் சேர்க்கவில்லை என்பதுதான். போர்த்துகீசியச் சொல்லின் பக்கத்தில் நின்றுகொண்டு பக்கப்பட்டையில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்பதைச் சொடுக்குங்கள். தமிழ்ப் பக்கம் அந்தச் சொல்லைக் குறிப்பிட்டிருந்தால் அங்கே தலைகாட்டும். இன்னொரு வழி பகுப்புகள். போர்த்துகீசியத்திலிருந்து கடன்பெற்ற தமிழ்ச் சொற்கள், லத்தீனை மூலமாகக் கொண்ட தமிழ்ச் சொற்கள் என்று தனித்தனிப் பகுப்பு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால் எது பாதி வேலையில் நிற்கிறது என்று தெரியும்: முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாத சொல்லுக்கு, ஒன்று மூலம் லத்தீன் அல்ல, அல்லது யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஏலம் முதல் வகை. அதன் போர்த்துகீசிய மூலமான 'லெய்லாவ்' அரபியிலிருந்து வந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

மேசைக்கு வருவோம். எல்லாத் தளங்களும் வழுக்கும் இடம் இது. லத்தீன் 'மென்ஸா'. 'ஸ'வுக்கு முன் வரும் 'ன' பேச்சு லத்தீனிலேயே விழுந்துவிட்டது. அதனால் ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் 'மெஸா', ருமேனியத்தில் 'மஸ'. போர்த்துகீசியத்திலிருந்து சுவாஹிலிக்கு 'மேஸா', சிங்களத்துக்கு 'மேசய', தமிழுக்கு மேசை. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இந்தியில் 'மேஸ்' என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் விருந்தளிப்பவரைக் குறிக்கும் 'மேஸ்பான்' ஷாநாமா காவியத்திலேயே இருக்கிறது. அது போர்த்துகீசியக் கப்பல் 1498-இல் இந்தியாவுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நூல். ஆக லத்தீன் வழிவந்த மெஸாவும் பாரசீக மேஸும் தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்களாகவே தெரிகின்றன. தமிழில் மேசை, மேஜை என்று இரண்டு வடிவம் உண்டு. 'ச' வடிவம் போர்த்துகீசியத்தோடும் 'ஜ' வடிவம் உருது வழியோடும் நன்றாகப் பொருந்துகின்றன. இரண்டு ஊற்றுகளும் ஒரே சொல்லில் கலந்திருக்கலாம். மலாய் 'மேஜா'வுக்கும் இதே வழக்கு. மர வடிவத்தில் கலப்பைக் காட்ட வழியில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு தாய் என்பதே அதன் அமைப்பு. பக்கத்தின் மேலே உள்ள சொற்பிறப்புப் பத்தியில் யாராவது விளக்கியிருந்தால் உண்டு. எனவே மரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், பத்தியையும் படியுங்கள்.

பீரோ வேறு விதமான குறையை வெளிக்காட்டும். பிற்கால லத்தீனில் 'புர்ரா' என்றால் முரட்டுக் கம்பளி. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'பூரெல்' என்ற துணி. அந்தத் துணி விரித்த எழுது மேசைக்கு 'பூரோ' என்று பெயர் வந்தது. பிறகு மேசை இருந்த அறைக்கு, பிறகு அலுவலகத்துக்கு. இழுப்பறை வைத்த தட்டுமுட்டு என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போனது. தமிழிலும் தெலுங்கிலும் கதவு வைத்துப் பூட்டும் நெட்டைப் பெட்டி. கம்பளியிலிருந்து இரும்புப் பெட்டி வரை நடந்த இந்தப் பயணம் மரத்தில் தெரியாது, ஏனென்றால் கிளைகளில் சொல் மட்டும்தான் இருக்கும், பொருள் அபூர்வமாகவே இருக்கும். ஒவ்வொரு சொல்லாகச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். பொருள் மாற்றத்தைப் படிப்பவருக்கு இது பெரிய தொல்லை. சொல், மொழி, பொருள் என்று மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்வதுதான் ஒரே வழி.

அட்டவணையில் நான்காவதாக ஆண்டு என்று ஒன்றும் வேண்டும். அங்கேதான் விக்சனரி கைவிரிக்கிறது. ஒரு சொல் ஒரு மொழியில் முதன்முதலாக எந்த ஆண்டு ஏட்டில் பதிவானது என்பது பெரும்பாலான பக்கங்களில் இல்லை. ஆண்டு இல்லாமல் கடனின் திசையை நிறுவுவது கடினம். பிரெஞ்சுக்கு இந்தக் குறையை நிரப்பச் சிறந்தது, 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த பிரெஞ்சு மொழிக் கருவூலத்தின் இணையப் பதிப்பு. இலவசம், பதிவின் அடியில் முதல் சான்றும் ஆண்டும் நூற்பெயரும் இருக்கும். ஆங்கிலத்துக்கு டக்ளஸ் ஹார்ப்பரின் இணையச் சொற்பிறப்பு அகராதி நூற்றாண்டைச் சொல்லும், படிக்கவும் சுகம். ஆனால் அது ஆங்கிலச் சொல்லை மையமாக வைத்தது. கிளைகள் எங்கே போயின என்பதற்கு அங்கே போக வேண்டாம்.

தமிழ்ப் பக்கத்துக்கு மூன்று நூல்கள் கட்டாயம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வந்தது, 1939-இல் பிற்சேர்க்கை. கடன்சொல்லுக்கு மூலமொழியைச் சுருக்கக் குறியில் தரும். வாதம் எதுவும் இருக்காது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் தேடலாம். அதே தளத்தில் யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியான, ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சனும் உண்டு. ஆண்டு வாரியாகப் பயணிகளின் மேற்கோள்களை அடுக்கியிருப்பதுதான் அதன் பலம். சொற்பிறப்பு ஊகங்கள் சில இடங்களில் காலாவதி. மூன்றாவது, இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட நூல்: செபஸ்தியாவ் ரொதோல்ஃபோ தல்காதோ 1913-இல் வெளியிட்ட, ஆசிய மொழிகளில் போர்த்துகீசியச் சொற்கள் பற்றிய தொகுப்பு. ஆங்கில மொழிபெயர்ப்பு 1936-இல் வந்தது. போர்த்துகீசியச் சொல்லைத் தலைப்பில் வைத்து, எந்தெந்த ஆசிய மொழியில் எப்படி வழங்குகிறது என்று மொழி மொழியாக அடுக்கியிருப்பார். விக்சனரியின் மரத்தில் ஆசியக் கிளை மெலிந்து கிடக்கும் இடங்களில் இதைத்தான் நம்ப வேண்டும்.

லத்தீனிலிருந்து பிரெஞ்சு வட்டார வழக்குகள் வரை ஆழமாகப் போக வேண்டும் என்றால் வால்தர் ஃபொன் வார்ட்பூர்க் தொடங்கிய பிரெஞ்சு சொற்பிறப்பு அகராதி, 25 தொகுதி. ஜெர்மன் சுருக்கக் குறிகளைப் படிக்கப் பழகாதவர் பக்கத்திலேயே போகாமல் இருப்பது நலம்.

யாருக்கு விக்சனரி பொருந்தும்? ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், அகராதிப் பணியில் இருப்பவர் முதல் வரைபடம் போட்டுக்கொள்ள எடுக்கலாம். கட்டுரையில் மேற்கோளாகத் தர வேண்டியவர் அதன் அடிக்குறிப்பில் உள்ள நூலைத் திறந்து பார்த்துவிட்டு அந்த நூலைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். அடிக்குறிப்பே இல்லாத சொற்பிறப்பு என்றால் பக்க வரலாற்றைத் திறந்து, அந்த வரியை எந்தத் திருத்தத்தில் சேர்த்தார்கள், திருத்தச் சுருக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காரணம் இல்லாமல் ஒரே திருத்தத்தில் பத்து மொழிகள் சேர்ந்திருந்தால் பத்தையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

கைபேசியில் மொழிப் பகுதிகள் மடிந்திருக்கும். 'மெஸா' போல ஒரே எழுத்துக்கூட்டலில் பல மொழிச் சொற்கள் குவிந்த பக்கத்தில் முகவரியின் முடிவில் எண்குறியும் (#) மொழியின் ஆங்கிலப் பெயரும் சேர்த்தால் நேரே அந்தப் பகுதியில் போய் நிற்கும். இணைப்பு இல்லாத இடத்தில் வேலை என்றால் கிவிக்ஸ் செயலியில் விக்சனரி முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் பக்க வரலாறு வராது. யாருக்காவது இணைப்பு அனுப்பும்போது சாதாரண முகவரியை அனுப்பாமல், பக்கப்பட்டையில் உள்ள நிலையான இணைப்பை எடுத்து அனுப்புங்கள். நாளை யாராவது திருத்தினாலும் நீங்கள் பார்த்த அதே பதிப்புதான் அவருக்கும் திறக்கும்.